கால் பார் அழுத்தத்தில் ஒரு தோட்டம்

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மாலை சரியாக ஆறு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான், என் கணவர், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகன், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் என்று நான்கு பேர் குழாயைச் சுற்றி நின்றிருந்தோம். குறித்த நேரத்தில் குழாயைத் தானாகத் திறந்து மூடும் டைமரின் சின்னத் திரையில் நீர்த்துளி போன்ற படம் மின்னத் தொடங்கியது. தண்ணீர் போகிறது என்று அதற்கு அர்த்தமாம். முப்பத்தாறு தொட்டிகளில் ஒன்றில்கூட ஒரு சொட்டு விழவில்லை.

"வந்ததா கண்ணு?" என்று கீழே இருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"வருகிறது அத்தை, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். பத்து நிமிடம் பொறுத்தோம். மறுபடியும் ஒரு 'டிக்'. துளிப் படம் அணைந்துவிட்டது. செடிகளுக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று அந்தப் பெட்டி தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

நான் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். அன்று இரவு நான் செய்த தவறு என்ன என்று புரிந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இதே தவறைச் செய்து, டைமர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிய மூன்று பேரையாவது எனக்குத் தெரியும்.

முதலில் தோட்டத்தைப் பற்றி. கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்குப் பத்து நிமிட நடை தூரத்தில் எங்கள் வீடு. நிலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சமையலறைக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம், மற்றதெல்லாம் மாடியில். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, புதினா, வல்லாரை, இரண்டு மல்லிகை, ஒரு செம்பருத்தி. ஒன்பது வருடம் இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் என் மாமியார். காலையில் ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு முறை, கையில் ஒரு பச்சைப் பூவாளி. முழங்கால் தேய்ந்துவிட்டது, படி ஏறவே கூடாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பூவாளி என் கைக்கு வந்தது. நான் காலை ஏழே முக்காலுக்குப் பஸ் ஏற வேண்டும். முப்பத்தாறு தொட்டிக்கும் ஊற்ற முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. ஏப்ரல் மாதத்தில் சேலத்து மொட்டை மாடியில் ஒரு வேளை தவறினால் மதியம் தக்காளிச் செடி கழுத்தை ஒடித்துக்கொண்டு தொங்கும். இதற்கு நடுவில் பெங்களூரில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாவது நான் அங்கே இருக்க வேண்டும். என் கணவர் நல்லவர், ஆனால் அவரை நம்பிச் செடியை விட்டுப் போக முடியாது.

டைமருக்கு முன்பு சில்லறை வேலைகள் நிறையச் செய்து பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியில் துளை போட்டுத் தலைகீழாகச் செருகும் வித்தை ஒன்று உண்டு. ஒரு பாட்டில் இருபது நிமிடத்தில் காலி, அடுத்தது நான்கு நாள் ஆகியும் நிறைந்தே இருக்கும். வாளியிலிருந்து பருத்தித் திரி போட்டு இழுத்தேன். புதினாவுக்கு அது போதுமானதாக இருந்தது, கத்தரிக்கு எந்த மூலைக்கும் எட்டவில்லை. உருப்படியாக வேலை செய்தது மண் கலயம் ஒன்றுதான். மெருகு பூசாத கலயத்தைப் பெரிய தொட்டியில் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், மண் காயக் காய அது கசிந்து கொடுக்கும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். மல்லிகைத் தொட்டிகளில் இன்றும் வைத்திருக்கிறேன். எல்லாத் தொட்டிகளிலும் கலயம் புதைத்தால் செடிக்கு இடம் இருக்காது என்பதால்தான் குழாய்ப் பக்கம் போனேன்.

டைமர் விலை 2,900 ரூபாய். வெளியே மாட்டும் வகை, நான்கு பாட்டரி, அழகான திரை. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார்' என்று போட்டிருந்தது. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுக் கடந்து போனேன்.

அந்த டைமருக்குள் இருக்கும் வால்வு எப்படி வேலை செய்கிறது என்று பிறகு பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு நீர்ப்பாதையை அடைத்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கும் பலம் பாட்டரியில் ஓடும் மின்காந்தத்துக்குக் கிடையாது. ஆகவே அது ஓரமாக உள்ள ஊசித் துளையை மட்டும் திறந்து விடுகிறது. சவ்வின் மேல் பக்கத்து நீர் அந்தத் துளை வழியாக வடிந்ததும், கீழிருந்து வரும் நீர் தன் அழுத்தத்தாலேயே சவ்வை மேலே தள்ளித் தனக்கு வழி செய்துகொள்கிறது. அதாவது கதவைத் திறப்பது தண்ணீர்தான், மின்சாரம் தாழ்ப்பாளை விலக்குவதோடு சரி. தள்ளுவதற்குத் தண்ணீருக்குத் தெம்பு இல்லையென்றால் 'டிக்' மட்டும்தான் கேட்கும்.

எங்கள் சின்டெக்ஸ் மாடிப்படி அறையின் கூரை மேல் இருக்கிறது. சின்டெக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர்தான் என்றாலும், இந்தப் பக்கம் கறுப்பாக, உருளையாக எது இருந்தாலும் அதற்கு அந்தப் பெயர்தான். அதில் நீர் பாதி இருக்கும்போது நீர்மட்டத்துக்கும் செடித் தொட்டியின் வாய்க்கும் இடையே உயரம் இரண்டரை மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். அப்படியானால் என்னிடம் இருப்பது கால் பார். வால்வு கேட்பது அரை பார். பதினோராம் வகுப்பில் பருப்பொருளின் பண்புகள் பாடத்தில் இதே கணக்கை எத்தனை முறை கரும்பலகையில் போட்டிருப்பேன்! இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. மேட்டூர் அணை இருக்கும் மாவட்டம் இது. 1934இல் அணை கட்டி முடித்த நாளிலிருந்து இங்கே தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உயரத்தில்தான் பேசுகிறார்கள். இன்று எத்தனை அடி, நூற்றிருபதைத் தொடுமா என்று காலையில் செய்தித்தாளை விரித்ததும் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அணையின் உயரத்தைத் தினம் பார்க்கிறவளுக்குத் தன் வீட்டுச் சின்டெக்ஸின் உயரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

வாழப்பாடிப் பக்கம் என் தம்பிக்குப் பாக்குத் தோப்பும் கொஞ்சம் மரவள்ளியும் இருக்கின்றன. இரண்டிலும் சொட்டு நீர்தான், அரசு மானியத்தில் போட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இஸ்ரேலில் ஹட்செரிம் என்ற கிபுட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், 1965இல் தொழிலாக எழுந்த முறை இன்று எங்கள் வயல் வரப்புகளில் கறுப்புப் பாம்புகளாகக் கிடக்கிறது. தம்பி வந்து மாடியைப் பார்த்தான். டைமரைத் தொடவே இல்லை. நேராகத் தலையைத் தூக்கிச் சின்டெக்ஸைப் பார்த்தான்.

"தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியை வாங்கினாயா அக்கா?"

அந்த டைமரை அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் வீட்டில் மோட்டார் லைனில் மாட்டியிருக்கிறான், அங்கே அருமையாக ஓடுகிறது. எனக்கு வேண்டியது வேறு வகை. இதில் சின்ன மோட்டார் ஒன்று உருண்டை வால்வையே திருப்பித் திறக்கும், திருப்பி மூடும். நீரின் உதவி தேவையில்லை, அழுத்தம் பூஜ்ஜியமாக இருந்தாலும் திறக்கும். பெட்டியில் '0 பார் முதல்' என்று போட்டிருக்கும். மாடித் தொட்டியை நம்பி இருப்பவர்கள் வாங்க வேண்டியது இதைத்தான். விலை 2,600. வாங்கும்போது குறைந்தபட்ச அழுத்தம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அது இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

குழாய் முனையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப்பர் விஷயத்திலும் ஒரு முறை ஏமாந்தேன். கடைக்காரர் 'இதுதான் உயர்ந்த வகை' என்று அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பர்களை எடுத்துக் கொடுத்தார். மேடு பள்ளமான வயலுக்கு அவை உயர்ந்தவைதான். அதற்குள்ளும் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது, அதற்கும் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். கால் பாரில் அவை சில இடத்தில் ஒழுகின, சில இடத்தில் மௌனம் காத்தன. கடைசியில் வாங்கியது இருப்பதிலேயே மலிவான, திருகித் திறந்து கழுவக்கூடிய சாதாரண டிரிப்பர். மணிக்கு 4 லிட்டர் என்று எழுதியிருந்தது. அந்த 4 லிட்டர் ஒரு பார் அழுத்தத்தில் வரும் அளவு. இந்த வகையில் நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. அழுத்தம் நான்கில் ஒன்றானால் ஓட்டம் பாதியாகும். எனக்கு மணிக்கு 2 லிட்டர் வர வேண்டும்.

வருகிறதா என்று பார்க்க வீட்டிலுள்ள எவர்சில்வர் டம்ளர்களையெல்லாம் மாடிக்குக் கொண்டு போனேன். எல்லாம் 200 மில்லி டம்ளர். ஆறு நிமிடத்தில் ஒரு டம்ளர் நிரம்பினால் மணிக்கு இரண்டு லிட்டர் என்று அர்த்தம், வேறு கருவி தேவையில்லை. பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தவணையில் எல்லா டிரிப்பரையும் சோதித்தேன். பெரும்பாலானவை விளிம்பைத் தொட்டன. பதினான்காம் தொட்டி மட்டும் பிடிவாதமாக 170இல் நின்றது, இன்றும் அப்படித்தான் நிற்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையை விட்டுவிட்டு, அதில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் கற்றாழையை வைத்துவிட்டேன்.

குழாய் போடும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. தொட்டிகளின் ஓரமாக ஓடும் 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் குழாய் இருபது மீட்டர், அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் மெல்லிய மைக்ரோ டியூப். சுருளைப் பிரித்து ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் காலைச் சுற்றும். டீ, எல்போ போன்ற இணைப்புகள் மாட்டும் குழாய் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் சிரமமில்லாமல் நுழையும். மைக்ரோ டியூபும் கறுப்பாகவே இருக்கட்டும். அழகாக இருக்கிறதே என்று கண்ணாடி போன்றதை வாங்கினால் வெளிச்சம் பட்டு உள்ளே பாசி பிடிக்கும். சின்டெக்ஸிலிருந்து வரும் குழாய், பிறகு ஃபில்டர், பிறகு டைமர், அதற்குப் பிறகு லேட்டரல் என்பது வரிசை. ஃபில்டரை டைமருக்குப் பின்னால் மாட்டினால் மணல் முதலில் வால்வுக்குள் போகும்.

இரண்டு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு செம்பருத்தி மஞ்சளிக்கத் தொடங்கியது. கீழே உதிர்ந்து வந்த இலையைப் பார்த்தே அத்தை சொல்லிவிட்டார், "தண்ணீர் அதிகம் கண்ணு, வேர் மூச்சு முட்டுகிறது." எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவுதான் போகிறது என்று நான் சாதித்தேன். டம்ளர்க் கணக்கையே எடுத்துக் காட்டினேன். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, இலையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் டைமர் மூடிய பிறகும் மாடியிலேயே நின்று பார்த்தேன். மற்ற டிரிப்பர்கள் நின்ற பிறகும் செம்பருத்தியின் டிரிப்பர் சொட்டிக்கொண்டே இருந்தது. மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார் மாடித் தரையைத் தென்கிழக்கு மூலைக்குச் சரித்து விட்டிருந்தார். செம்பருத்தி இருந்தது அந்த மூலையில். வால்வு மூடினாலும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? எல்லாவற்றிலும் தாழ்ந்த வாயைத் தேடிக்கொண்டு போகும். இருபது மீட்டர்க் குழாயில் ஏறக்குறைய மூன்று லிட்டர் நிற்கிறது. காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று அதில் பெரும் பங்கு செம்பருத்தியின் காலடியில் இறங்கியிருக்கிறது. செம்பருத்தியை மேட்டுக்கு நகர்த்தி, அந்த மூலையில் சேற்றுக்கு ஆசைப்படும் வல்லாரைத் தொட்டியை வைத்தேன். இப்போது எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல். மகன் இந்த முறை வந்தபோது குழாயில் ஒரு தடுப்பு வால்வு போடலாமே என்று கேட்டான், துவையலில் சலித்துப்போய்.

இதே காரணத்தால்தான் தொங்கும் தொட்டிகளை இதில் சேர்க்கவில்லை. அழுத்தம் தாராளமாக இருந்தால் மூன்றடி மேடு ஒரு பொருட்டில்லை. இருப்பதே இரண்டரை மீட்டர் என்றால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு மற்றவற்றின் பங்கில் மூன்றில் இரண்டுகூடப் போகாது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடுவது சுலபம்.

பெரிய விபத்து மே மாதத்தில் நடந்தது. பாட்டரி தேய்ந்துபோய், திறந்த வால்வை முழுக்க மூட முடியாமல் மோட்டார் பாதியில் நின்றுவிட்டது. மாலை ஆறு மணிக்குத் திறந்தது விடிகாலை வரை சொட்டியிருக்கிறது. மணிக்கு 72 லிட்டர், பதினொரு மணி நேரம். அன்று பார்த்து முதல் நாள் மாலை சின்டெக்ஸுக்கு மோட்டார் போடவில்லை. காலை ஐந்தரைக்குக் குளியலறைக் குழாய் காற்றைக் கக்கியது. என் கணவர் தலையில் ஷாம்புவோடு வெளியே வந்து நின்றார். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

இதற்கு நான் கண்ட வழியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிளம்பரை அழைத்து, தோட்டத்துக்குப் போகும் குழாயைச் சின்டெக்ஸின் அடியிலிருந்து எடுக்காமல் நடு உயரத்தில் தனியாகத் துளை போட்டு எடுக்கச் சொன்னேன். ஆயிரம் லிட்டர்ச் சின்டெக்ஸில் மேல் பாதி மட்டும்தான் தோட்டத்துக்குக் கிடைக்கும். வால்வு மாதக்கணக்கில் திறந்து கிடந்தாலும் வீட்டுக்கு 500 லிட்டர் மிச்சம் இருக்கும். பிளம்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "மேலே துளை போட்டால் பிரஷர் குறைந்துவிடும் டீச்சர், அப்புறம் என்னைக் குறை சொல்வீர்கள்" என்றார். அழுத்தத்தை முடிவு செய்வது நீரின் மேல்மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான், துளை எங்கே இருக்கிறது என்பதில்லை என்று வாளியும் ரப்பர் குழாயும் வைத்துக் காட்டினேன். பாதி நம்பினார். வேலை முடிந்து டம்ளரை வைத்தோம், ஆறு நிமிடத்தில் நிரம்பியது. அந்த ஆறு நிமிடமும் அவர் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூலி 600 ரூபாய், டீ தனி. இதில் கேட்காமல் கிடைத்த லாபம் ஒன்றும் உண்டு. தோட்டத்துக்குத் தண்ணீர் போகும்போதெல்லாம் சின்டெக்ஸ் பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கும் என்பதால் அழுத்தம் முன்பைப்போல ஏறி இறங்குவதில்லை.

அடுத்தது சேலத்துக்கே உரிய தொல்லை. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் கீழே சம்ப்பில் தனியாகச் சேரும், அது குடிக்கவும் சமைக்கவும். சின்டெக்ஸுக்கு ஏறுவது போர்த் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். ஏற்காடு அடிவாரத்துக்கும் மாமாங்கத்துக்கும் இடையே போகிறவர்கள் வெள்ளைக்கல் வெட்டி எடுத்த குழிகளைப் பார்த்திருப்பார்கள். அந்த வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். இப்படிப்பட்ட மண்ணில் ஊறி வரும் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் செய்வதை டிரிப்பரின் வாயிலும் செய்யும். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வாயிலேயே தங்கி, வெயிலில் வற்றி, வெள்ளையாக ஒரு பூச்சை விட்டுச் செல்லும். இரண்டு மாதத்தில் 200 மில்லி டம்ளர் 110க்கு வந்துவிட்டது.

தம்பியின் தோப்பில் குழாய்க்குள் அமிலம் விட்டுக் கழுவுகிறார்கள். அதை வீட்டில் செய்யத் துணிவில்லை. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கொடுக்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, டிரிப்பர்களைத் திருகிப் பிரித்து ஓர் இரவு ஊற வைத்தால், காலையில் வெள்ளை எல்லாம் கரைந்திருக்கும். போட்டவுடன் நுரைத்துக் குமிழி வருமே, அது கார்பனேட்டிலிருந்து வெளியேறும் கரியமில வாயு. அதோடு காலைப் பாசனத்தை ஐந்து மணிக்கு முன்னால் தள்ளினேன். கடைசிச் சொட்டு வெயிலில் வற்றுவதற்குள் கொஞ்சமாவது உள்ளே இழுபடட்டும் என்று. பலன் இருக்கிறது, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊற வைப்பதிலிருந்து தப்ப முடியவில்லை.

மகன் பொறியியல் படிக்கிறான். டைமர் ஒரு முட்டாள் கருவி, மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு ஈர உணரியை வாங்கிச் செருகினான். இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் செலுத்தி மண்ணின் மின்தடையை அளக்கும் மலிவு வகை. ஈர மண்ணில் இடைவிடாது மின்சாரம் ஓடினால் மின்னாற்பகுப்பு நடக்கும் என்பதை அவனுக்கும் நான்தான் பாடம் நடத்தியிருந்தேன். ஐந்தாவது வாரம் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கம்பியில் செம்பைக் காணோம். மின்தேக்கி முறையில் அளக்கும் உணரி இப்படி அரிக்காது, அடுத்த விடுமுறைக்கு அதைக் கொண்டு வருகிறேன் என்கிறான். கொண்டு வரட்டும். முட்டாள் டைமர் அதுவரை ஓடும்.

அக்டோபர் மழையில் அதன் முட்டாள்தனம் தெருவுக்கே தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டும் மழையில், குடை பிடித்துக்கொண்டு நான் மாடியில் நிற்க, முப்பத்தாறு டிரிப்பரும் கடமை தவறாமல் சொட்டின. எதிர் வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். டைமரில் மழைக்காக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒன்று, இரண்டு அல்லது மூன்று நாள் ஓய்வெடுத்துவிட்டுத் தானாகவே மறுபடி தொடங்கும். அதை அழுத்த மாடி ஏற வேண்டும், அதற்கு மழை விட வேண்டும்.

தண்ணீரால் மட்டும் எதையும் காப்பாற்றிவிடலாம் என்ற நினைப்பை எனக்கு எடுத்தது ஒரு காப்பிச் செடி. பள்ளிச் சுற்றுலாவில் ஏற்காட்டிலிருந்து வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டே இறங்கினேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டு வந்த பயிர், அது மலையிலேயே இருந்திருக்கலாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மர நிழல். எங்கள் மாடி ஏப்ரலில் தோசைக்கல். இரண்டு டிரிப்பர் கொடுத்தேன், பச்சை வலை கட்டினேன், ஈரம் குறையவே இல்லை. இலை ஓரம் கருகிக் கருகி, ஒரு நாள் குச்சி மட்டும் நின்றது. அந்தத் தொட்டியில் இப்போது பச்சை மிளகாய்.

தொட்டி மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னை நார்க் கழிவை அதிகம் சேர்த்திருந்தால், அது ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்ட பிறகு சொட்டுத் தண்ணீரைச் சட்டென்று ஏற்காமல் போகலாம். சொட்டு நீர் ஒரே இடத்தில் துளை போட்டுக்கொண்டு நேராகக் கீழே ஓடிவிடும். மேலே ஈரம், அடியில் ஒழுகல், நடுவில் பாலைவனம். அப்படிப்பட்ட தொட்டியை முதலில் கையால் ஊற்றி முழுக்க ஊற வைத்துவிட்டுத்தான் டிரிப்பரிடம் ஒப்படைக்க வேண்டும். மேலே காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டுவிட்டால் அந்த நிலைக்கு மறுபடி போகாது.

இப்போது ஓடும் கணக்கு இது. சாதாரண நாளில் காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம். தொட்டிக்கு ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் 48 லிட்டர். ஏப்ரல், மே மாதங்களில் அரை மணி, அரை மணி; மொத்தம் 72 லிட்டர். பூவாளியால் ஊற்றியபோது எத்தனை வாளி போயிற்று என்று யாரும் எண்ணியதில்லை, ஆனால் வாரத்தில் ஒரு நாள் மோட்டார் போடுவது குறைந்திருக்கிறது. குழாய், டிரிப்பர், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். தம்பிக்குப் போன டைமரைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று என் கணவர் அவ்வப்போது கேட்கிறார்.

ஜூனில் பெங்களூர் போனேன். பத்து நாள் பதினாறு நாளாக நீண்டது. பேத்தி பிறந்தாள். தினமும் இரவு போனில் அத்தையிடம் குழந்தையைப் பற்றிச் சொல்வேன், அவர் மாடியைப் பற்றிச் சொல்வார். மாடி ஏற முடியாதவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டதற்கு, மாலை ஆறே கால் மணிக்கு மழைநீர்க் குழாய் முனையில் இரண்டு சொட்டு விழுகிறதா என்று திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். விழுந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விழாவிட்டால் பாட்டரியைப் பார்க்க வேண்டும். வல்லாரைத் தொட்டியின் அடித்துளையிலிருந்து வடிகிற மிச்சம்தான் அது. திரையில் மின்னும் துளிப் படத்தைவிட நம்பகமானது.

இன்று மறுபடி லெமன் சால்ட் நாள். டிரிப்பர்களைக் கழற்றிக் கீழே கொண்டு வந்து கொடுத்துவிட்டேன். அத்தை திண்ணையில் பழைய அலுமினியச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருகிப் பிரித்து, வாயில் ஒட்டிய வெள்ளையை ஊக்கால் சுரண்டிப் போடுகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது முறையாக எண்ணிவிட்டார். முப்பத்தைந்துதான் இருக்கிறதாம். பதினான்காம் தொட்டியில் ஒன்று செருகியபடியே நிற்கும். போய் எடுத்து வருகிறேன்.